நான் எழுதிக் கொடுத்த ஆறு வரிகள்

ஓய்வு பெற்ற வட்டாட்சியருக்கு ஊரில் மிஞ்சுகிற மரியாதை காலை எட்டு மணிக்கு வரும், ஒன்பதரைக்குப் போய்விடும். பாளையங்கோட்டையில் என் வீட்டு முன்னறைக்கு மஞ்சள் பையோடு வருவார்கள். பையில் பட்டா நகல், வில்லங்கச் சான்று, ரேஷன் அட்டை, சில நாள் ஒரு சீப்பு வாழைப்பழம். "அண்ணாச்சி, இத எந்த ஆபீஸ்ல குடுக்கணும்?" என்பார்கள். எந்த அலுவலகம், எந்த மேசை, என்னென்ன இணைப்பு, பதில் வராவிட்டால் யாருக்கு மேல்முறையீடு என்று சொல்வேன். முப்பத்து நான்கு ஆண்டுகள் வருவாய்த் துறையில் நாற்காலியில் இருந்தபோது ஒரே தடவையில் சொல்லாமல் நாலு தடவை அலையவிட்டதையெல்லாம் இப்போது ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். அண்ணனோடு பொதுவில் இருந்த நிலத்தை உட்பிரிவு செய்ய வேண்டும். அவருடைய பத்திரத்தைப் படிக்க என் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன். மேசை, அலமாரி, செய்தித்தாளுக்கு அடியில் என்று நான் தேடத் தேட, அவர் பேசிக்கொண்டே இருந்தார். அண்ணன் தோளில் உட்கார்ந்து திருவிழா பார்த்தது, அண்ணி வந்தது, கிணறு வற்றியது. கண்ணாடி என் சட்டைப்பையிலேயே இருந்தது. அதைக் கண்டுபிடித்து மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் எழுந்து நின்றிருந்தார்.

"மனசு லேசாயிட்டு அண்ணாச்சி. மனு ஒண்ணும் வேண்டாம். நேர போயி அவன்கிட்டயே பேசிப் பாக்கேன்."

போய்விட்டார். என் மனைவி பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்குத்தான் ஒருத்தரு உங்களால நல்லபடியா எந்திரிச்சுப் போறாரு. ஏன் தெரியுமா? நீங்க வாயத் தொறக்கல" என்றாள். பிறகு, "இதுக்குன்னு படிப்பே இருக்காம்லா. மனநல ஆலோசகர்னு. போயி படிங்களேன். எனக்கும் வீட்டுல ரெண்டு நாள் அமைதியா இருக்கும்."

கேலிதான். ஆனால் விளக்கக் கையேடு என்று ஒன்று கைக்குக் கிடைத்தால் அதைக் கடைசிப் பக்கம் வரை படிக்காமல் வைக்க என்னால் முடியாது. அந்தப் படிப்புக்கு வயது வரம்பு இல்லை. ஏதேனும் ஒரு பட்டம் போதும். சனி, ஞாயிறு வகுப்பு, ஓராண்டு பட்டயம். விண்ணப்பத்தை அவர்கள் கேட்ட இணைப்புகளோடும், அவர்கள் கேட்க மறந்த இரண்டு இணைப்புகளோடும் அனுப்பினேன்.

வகுப்பில் இரண்டு கன்னியாஸ்திரிகள், ஒரு விடுதிக் காப்பாளர், சில ஆசிரியைகள். எல்லோரும் என்னைவிட இளையவர்கள். எல்லோரும் இடைவேளையில் என்னிடம் வருமானச் சான்று பற்றிக் கேட்டார்கள். பாடம் நடத்தியவர் என் மகள் வயதுப் பெண். இந்த ஊர் மிஷன் பள்ளிகளில் மூன்று தலைமுறையாகச் சாக்பீஸ் பிடித்த குடும்பம். குரலை உயர்த்தாமலே வகுப்பை அடக்குவது அவருக்குப் பிறவியிலேயே வந்திருந்தது. முதல் நாளே சொன்னார்: "நம்மகிட்ட வர்றவங்களுக்கு யோசனை சொல்லக் கூடாது."

நான் கையைத் தூக்கினேன். "விதிவிலக்கு உண்டா மேடம்?"

"உயிருக்கு ஆபத்துன்னா உண்டு சார். மத்தபடி இல்ல."

குறித்துக்கொண்டேன். தேர்வில் அதை அடிக்கோடிட்டு எழுதி வகுப்பில் முதலாவதாக வந்தேன். விதியை எழுதுவதில் எனக்கு எப்போதும் சிரமம் இருந்ததில்லை.

எழுத்துத் தேர்வுக்குப் பிறகு செய்முறைப் பயிற்சி. மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் இருந்த சிறிய ஆலோசனை நிலையத்தில், அதே ஆசிரியையின் மேற்பார்வையில் இருபது அமர்வுகள் முடிக்க வேண்டும். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மேசை, ஒரு காகிதக் கைக்குட்டைப் பெட்டி. வருகிறவர் முதுகுக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம், எனக்கு மட்டும் தெரியும்படி. நிலையத்தின் ஒப்புதல் படிவத்தில் தேதிக்கு இடமே இல்லை. நான் ஒன்று தயாரித்துக் கொடுத்தேன். அதையே அச்சிட்டுவிட்டார்கள்.

அங்கேதான் ஒரு பெண்மணி வந்தார். அங்கன்வாடிப் பணியாளர். முக்கூடல் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரையும் வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். இதை எழுத அவரிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன், தேதியோடு.

அவர் கணவருக்கு ஆற்றுப் பாசனத்தில் கொஞ்சம் வாழை இருந்தது. ஒருநாள் காலை, புகைந்துபோன தண்ணீர் மோட்டாரைச் சாக்கில் சுற்றிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு, உள்ளே எரிந்த கம்பிச் சுருளை மாற்றிக் கட்டுவதற்காகத் திருநெல்வேலி டவுனுக்குப் போனவர் திரும்பவில்லை. மூன்றாம் நாள் கடைக்காரர் போன் செய்தாராம்: "மோட்டார் ரெடியாயிட்டு, எப்ப வாரிய?" அப்போதுதான் அவர் டவுன் வரை போய்ச் சேர்ந்தது வீட்டுக்குத் தெரிந்தது. சண்டை இல்லை, கடன் இல்லை, கடிதம் இல்லை. போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்மணியின் தம்பி போய் மோட்டாரை மட்டும் வாங்கி வந்தார்.

"அந்த மோட்டாரு இன்னும் ஓடுது சார்" என்றார், முதல் அமர்வில்.

மூன்றாவது அமர்வில் விஷயத்துக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பத்திரிகை அச்சுக்குப் போக வேண்டும். பெண்ணின் தகப்பனார் பெயருக்கு முன்னால் என்ன போடுவது?

"அவிய அண்ணன் தெய்வத்திருன்னு போடச் சொல்லுதாவ. ஏழு வருசம் ஆகப் போவுது, இன்னும் என்ன திருன்னு ஏசுதாவ. திருன்னு போட்டா, மாப்ள வீட்டுக்காரவிய சொந்தத்துல, எங்க, பொண்ணோட அப்பாவக் காணமேன்னு கேப்பாவல்லா சார்."

இந்த இடத்தில் நான் செய்ததைச் சொல்வதற்கு முன், என் பழைய அலுவலகத்தின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். அங்கே ஒவ்வொரு எழுத்தருக்கும் தன்பதிவேடு என்று ஒன்று உண்டு. அவர் கைக்கு வந்த ஒவ்வொரு தாளும் அதில் ஏறும். எதிரே என்ன நடவடிக்கை எடுத்தார் என்று எழுத வேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வரும். இருபத்து மூன்று வயதில் அந்தப் பதிவேட்டைக் கையில் வாங்கியவன் நான். ஒரு தாள் என் முன்னால் வந்தால் அதில் எதையாவது எழுதாமல் என் கை சும்மா இருந்ததில்லை.

அந்த அம்மாள் பேசப் பேச, அவர் சொல்வது எனக்கு ஒரு மனுவாகத் தெரிந்தது. அதுவும் நன்றாக வழி தெரிந்த மனு.

"ஏழு வருசம் எப்ப முடியுது?" என்றேன்.

"வர்ற ஆவணியோட சார்."

பேனாவை எடுத்தேன். ஒன்று, காணவில்லை என்று கொடுத்த புகாரின் முதல் தகவல் அறிக்கை நகல். இரண்டு, தேடியும் கிடைக்கவில்லை என்று காவல் நிலையம் தரும் சான்று. மூன்று, உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்கு. நான்கு, ஏழு ஆண்டாகத் தகவல் இல்லாததால் இறந்ததாகக் கருதலாம் என்ற தீர்ப்பு. ஐந்து, அதைக் கொண்டு இறப்புப் பதிவு. ஆறு, வாரிசுச் சான்று. ஆறாவது வரிக்குப் பக்கத்தில் ‘இது எளிது’ என்று அடைப்புக்குறிக்குள் எழுதினேன், என் துறை என்பதால்.

அவர் தாளை நாலாக மடித்துக் கைப்பையின் உள் ஜிப்பில் வைத்தார். "சரி சார்" என்று பத்து நிமிடம் முன்னதாகவே எழுந்துகொண்டார். வேலை சீக்கிரம் முடிந்ததாக நான் நினைத்தேன்.

அந்த வாரம்தான் நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. பயிற்சி முடிந்ததும் வாரத்தில் மூன்று நாள் ஆலோசகராக அமர விருப்பமா, பதினைந்து நாளுக்குள் தெரிவிக்கவும். ஒரு நிபந்தனை: அங்கே அமர்கிறவர் அதே ஊர்க்காரர்களுக்கு வேறு வகை ஆலோசனைகள் வழங்கக் கூடாது. என் காலை எட்டு மணிக்காரர்களைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்தது. ஆசிரியையிடம் கேட்டேன்.

"காலையில உங்ககிட்ட பட்டாவுக்கு வந்தவரு, சாயங்காலம் இங்க வந்து வீட்டுக் கஷ்டத்தச் சொல்லக் கூச்சப்படுவாரு சார். இல்லன்னா கஷ்டத்தச் சொல்லுத மாதிரி பட்டா கேப்பாரு. ரெண்டுல ஒண்ணுதான்."

பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது மாலை போட்டு நாற்காலியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது வீட்டில் இருக்கும் நாற்காலியையும் கேட்கிறார்கள். ஆனால் அன்றைய உற்சாகத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை. மூன்று நாளும் சம்மதம் என்று எழுதிவிடத்தான் இருந்தேன். அந்த ஆறு வரிகளைவிடச் சிறப்பாக யார் ஆலோசனை சொல்லிவிட முடியும்?

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மாள் வரவில்லை.

அன்று மேற்பார்வை நாள். நடந்ததை ஆசிரியையிடம் வரிசைப்படி சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் குறிப்பேட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அவங்க அழுதாங்களா சார்?"

"இல்ல. அதுக்கு அவசியமே வரல."

"அவங்க உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

யோசித்தேன். ‘என்ன போடுவது’ என்று கேட்டார் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. மற்றவர்கள் தன்னிடம் கேட்பதைச் சொன்னார், அவ்வளவுதான்.

"அந்தத் தாள்ல அஞ்சாவது வரி என்னது சார்?"

"இறப்புப் பதிவு."

அவர் மேசை மேலிருந்த காகிதக் கைக்குட்டைப் பெட்டியை நேராக்கி வைத்தார். வாழையை வளர்த்துக்கொண்டு, மோட்டாரை ஓட்டிக்கொண்டு, ஏழு ஆண்டாக ஒரு ஆளை எதிர்பார்த்திருக்கும் பெண்ணிடம், அவரை இறந்தவராக்கும் வழியை எண் போட்டு எழுதி, கடைசி வரி எளிது என்றும் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

முக்கூடலுக்குப் பேருந்து ஏறி நேரில் போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது. தல விசாரணை எனக்குப் பழக்கம். ஆசிரியை தலையசைத்து மறுத்தார். "நாம தேடிப் போகக் கூடாது சார். ஆபீஸ்லருந்து ஒரு போன் பண்ணுவோம். வரணும்னா வருவாங்க."

நிலையத்துப் பெண் போன் செய்தாள். ‘பார்க்கிறேன்’ என்றாராம்.

அந்த வாரம் முழுவதும் நிலையத்துக் கடிதம் என் மேசையில் காகித எடைக்குக் கீழே கிடந்தது. காலையில் வந்தவர்களுக்கு வழக்கம்போல வழி சொன்னேன். ஒவ்வொருவர் கிளம்பும்போதும், இவர் உண்மையில் எதற்கு வந்தார் என்று ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கு இந்தத் தொழில் வராது என்று எழுதிவிட்டால் எட்டு மணிக்கும் ஒன்பதரைக்கும் இடையில் நான் எப்போதும் சரியாகவே சொல்பவனாக இருக்கலாம். அது சாதாரண சுகம் இல்லை.

மனைவியிடம் பெயர், ஊர் எதுவும் சொல்லாமல், யோசனை சொல்லாமல் இருக்கத் தெரியவில்லை என்று மட்டும் சொன்னேன்.

"நாப்பது வருசம் கழிச்சாவது தெரிஞ்சுதே" என்றாள். "சரி, என்னைய வச்சுப் பழகுங்க. நான் பேசுதேன். நீங்க ‘ம்’ மட்டும் சொல்லணும். வேற ஒத்த வார்த்த வரக் கூடாது."

தென்காசியில் இருக்கும் தன் தங்கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அப்பா வீட்டைப் பிரித்ததிலிருந்து அவள் போனே செய்வதில்லை. பொங்கலுக்குக்கூட இல்லை. நான் ‘ம்’ என்றேன். இவளாகப் போன் செய்தால் தங்கை இரண்டு வார்த்தையில் வைத்துவிடுகிறாள். ‘ம்’. நடுவறையை அவளுக்கு விட்டுக்கொடுத்தது கூடவா மறந்துபோகும்?

"அந்தப் பாகப்பிரிவினைப் பத்திரத்த முறையாப் பதிவு பண்ணிட்டாளா?" என்றேன்.

அவள் என் கையிலிருந்த காப்பித் தம்ளரை, பாதி குடித்திருந்தபோதே வாங்கிக்கொண்டாள்.

"நாலு நிமிசம். கடியாரத்தப் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். பத்திரம் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதாக்கும்? அவ போன் பண்ண மாட்டேங்காங்கத சொல்லுதேன்."

அடுத்த சனிக்கிழமை, பதில் எழுத இரண்டு நாள் பாக்கி இருந்தபோது, அந்த அம்மாள் வந்தார். உட்கார்ந்ததும் உள் ஜிப்பைத் திறந்து, நாலாக மடித்த தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

"இத நீங்களே வச்சிக்கிடுங்க சார். எம் மக சார்ஜரத் தேடி இந்தப் பையத்தான் தொறப்பா. அவ கண்ணுல பட்டுரக் கூடாதுன்னு பத்துப் பதினஞ்சு நாளா பையத் தோள்லருந்து எறக்கவே இல்ல."

"நீங்க கேக்காமலே எழுதிட்டேன்மா. தப்பு" என்றேன். முப்பத்து நான்கு ஆண்டில் நான் எழுதிய எந்தக் குறிப்புக்கும் வருத்தம் தெரிவித்ததில்லை. அதற்கு அங்கே படிவமும் கிடையாது.

"எழுதுனதுல தப்பில்ல சார். எந் தம்பி ஒரு வக்கீல்கிட்டக் காட்டுனான். எல்லாம் சரியா இருக்குன்னுதான் சொன்னாராம்."

ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்ததை மறைக்க மாட்டேன்.

பிறகு அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினேன். அவர் அதைப் பார்த்தார். கீழே மார்க்கெட்டில் யாரோ முருங்கைக்காய் விலையைக் கத்திக்கொண்டிருந்தார்கள். கடிகார முள் மூன்று நிமிடம் நகர்வது எவ்வளவு நேரம் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"அன்னைக்கு நான் வேற ஒண்ணு சொல்ல வந்தேன் சார்" என்றார். "பத்திரிகை வந்ததும் ஒண்ண அவியளுக்குன்னு எடுத்து வைக்கணும்னு இருக்கேன். கோவக்காரவிய. எப்பம் வந்தாலும், எம் மக கலியாணத்துக்கு எனக்கே பத்திரிகை வைக்கலியான்னு கேட்டுருவாவ. அந்தப் பத்திரிகையிலயே தெய்வத்திருன்னு போட்டு, எப்பிடி சார் அவிய கையில நீட்ட?"

சிரித்தார். அந்தச் சிரிப்பு முடிவதற்குள்ளேயே அழுதார்.

அதற்கும் என்னிடம் ஒரு வழி இருந்தது. அச்சகத்தில் சொன்னால் ஒரே ஒரு பிரதியை மட்டும் மாற்றி அடித்துத் தருவார்கள். சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பற்களை இறுக்கிக்கொண்டேன்.

அவர் பேசினார். கடைக்காரரின் போனைப் பற்றி. முதல் வருடம் டவுன் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி. கணவர் இருக்கிறாரா என்பதைவிட, ஏன் போனார் என்று தெரியாதது பெரிய பாரம் என்று. இருபத்திரண்டு நிமிடம். நான் இரண்டு தடவை ‘ம்’ என்றேன், ஒரு தடவை ‘அப்புறம்?’ என்றேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரே சொன்னார்: "திரு, திருமதின்னு ரெண்டு பேரையும் சேத்துத்தான் போடப் போறேன் சார். அவிய அண்ணன் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியட்டும். மாப்ள வீட்டுலயும் உள்ளதச் சொல்லிருவேன். போனாவ, வரல. அதுக்கு மேல எனக்கே தெரியாதுல்லா."

எழுந்தவர் மேசை மேலிருந்த தாளைப் பார்த்தார். "கலியாணம் முடியட்டும். அப்புறம் இது வேணும்னு எனக்கும் தெரியும். நானா வந்து கேட்டு வாங்கிக்கிடுதேன். அதுவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

தாளை அவருடைய ஒப்புதல் படிவத்தோடு சேர்த்து நிலையத்து அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். ஜமாபந்தியில் நாள் முழுக்க மனு வாங்கிய வருடங்களில்கூட அப்படிக் களைத்ததில்லை. ஆனால் மறுபடி அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று இருந்தது. எனக்கு வழி தெரியாத ஒன்றின் முன்னால் நான் அதுவரை அவ்வளவு நேரம் உட்கார்ந்ததே இல்லை.

ஞாயிறு காலை பதில் எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் முறைப்படி போட்டு, சம்மதம் என்று ஒரே வரி. என் அமர்வுகளுக்கு இன்னும் ஓராண்டு மேற்பார்வை தொடர வேண்டும் என்ற நிபந்தனையை நானாகச் சேர்த்தேன். அனுப்பும் முன் மனைவியிடம் காட்டினேன். "ரெண்டு வருசம்னு போடுங்க" என்றாள். போட்டேன்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மேலப்பாளையத்திலிருந்து ஒருவர் பட்டா மாறுதலுக்காக வந்தார். இனிமேல் நான் பார்ப்பதில்லை, மூன்று தெரு தள்ளி என் பழைய சகா ஒருவர் இருக்கிறார், நன்றாகச் சொல்வார் என்றேன்.

அவர் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "அவரு எல்லாத்தையும் தப்பாச் சொல்லுவாருன்னு போன மாசம் நீங்கதான அண்ணாச்சி சொன்னிய?"

சொல்லியிருந்தேன். அது உண்மையும்கூட. பை வாய் திறந்திருந்தது; மேலாக இருந்த விண்ணப்பத்தில் புல எண் தவறு என்பது நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது.

"இப்பம் தேறிட்டாரு" என்றேன்.

ஒரு மாதம் கழித்து நிலையத்து முகவரிக்கு எனக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பெண்ணின் பெற்றோர் பெயர் இருந்த வரியை மட்டும் படித்தேன். திரு, திருமதி. ஆலோசனைக்கு வந்தவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு நாங்கள் போவதில்லை, விதி. அலமாரியில் அந்தத் தாளோடு வைக்க நினைத்தவன் மறந்து, என் பையிலேயே வைத்துவிட்டேன். சாயங்காலம் சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் பையைத் திறந்த மனைவி பத்திரிகையைக் கையில் எடுத்தாள்.

"இது யாரு வீட்டுக் கலியாணம்? அந்த ஊர்ல நமக்கு யாரு இருக்கா?"

"ம்" என்றேன்.

இன்னும் ஏதாவது வரும் என்று அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பத்திரிகையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.